காது கேக்கு, பேச்சுதான் வெளங்க மாட்டேங்கு: நடுவயதில் கூடிவரும் காது மந்தம்

“சத்தம் போடாதிய. எனக்குக் காது கேக்கு. என்ன சொல்லுதியன்னுதான் வெளங்கல.”

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் ஒருவர் இப்படிச் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. கேட்டால் விளங்க வேண்டும், விளங்காவிட்டால் கேட்கவில்லை, இதற்கு நடுவே என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். ‘வேண்டியது மட்டும் நல்லாக் கேக்கும்’ என்ற குத்தல் வேறு. ஆனால் அவர் சொல்வது அப்படியே உண்மை. நடுவயதில் தொடங்கி வருடாவருடம் கூடிவரும் காது மந்தத்தில் சத்தம் போவதற்கு முன்பே தெளிவு போய்விடுகிறது. கத்திப் பேசினாலும் ஏன் பலிப்பதில்லை, காசு கொடுத்து வாங்கிய காதுக் கருவி ஏன் பீரோவில் தூங்குகிறது என்பதற்கெல்லாம் காரணம் இதில்தான் இருக்கிறது.

ஒலி காதுத் துளை வழியாகப் போய்ச் செவிப்பறையை அதிரவைக்கிறது. பறைக்குப் பின்னால் இருக்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதில் சுருண்டு கிடக்கும் குழலின் பெயர் காக்லியா. அதற்குள் திரவம் நிறைந்திருக்கும். வரிசை வரிசையாக நுண்ணிய மயிர்ச் செல்களும் இருக்கும், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இந்தச் செல்கள்தான்.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தின் இசைத்தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லில் செதுக்கிய தூண்கூட்டத்தில் ஒவ்வொரு சிறு தூணுக்கும் ஒரு சுரம். காக்லியாவும் அப்படித்தான் சுருதியை இடம்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. வாசல் பக்கத்துச் செல்கள் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு, சுருளின் உள்முனையில் இருப்பவை கனத்த தாழ்ந்த ஒலிகளுக்கு. வயதும் இரைச்சலும் முதலில் கைவைப்பது வாசல் பக்கத்தில். அங்கே போன செல் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்குக்கூட முளைக்கும், மனிதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது பேச்சுக்கு வருவோம். ஆ, ஓ, ஊ போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதியில், பலமாக ஒலிப்பவை. க், ச், த், ப் போன்ற வல்லின ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சிறு ஓசைகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு (சுருதியை அளக்கும் அலகு) மேலே இருக்கின்றன. சோறு, சாப்பாடு என்று சொல்லும்போது வரும் அந்த ‘ஸ்’ இன்னும் மேலே, 4000 ஹெர்ட்ஸை ஒட்டியும் தாண்டியும். இந்த மேல்பகுதி தேய்ந்தவருக்குக் கட்டு, தட்டு, பட்டு எல்லாமே ஒரே ‘அட்டு’. பேசுகிறார்கள் என்று தெரியும், யார் பேசுகிறார்கள் என்றும் தெரியும், குரலில் கோபம் இருப்பது நன்றாகவே தெரியும். சொல் மட்டும் பிடிபடாது. ஆண்களின் கனத்த குரல் ஓரளவு விளங்கி, பேத்தியின் குரல் அறவே விளங்காமல் போவதும் இதனால்தான்.

அடுக்களையில் மிக்ஸி ஓடுகிறது. மைனி சுவரைப் பார்த்து நின்றபடி, “தட்டு எடுத்துட்டு வாங்க” என்கிறார். மிக்ஸியின் இரைச்சல் மிச்சமிருந்த மெய்யெழுத்துகளையும் மூடிவிடுகிறது. திரும்பி நிற்பதால் வாயும் தெரியவில்லை. இவருக்கு எட்டியது “…அட்டு எடுத்து… ஆங்க” மட்டும். மூளை அவசரமாக ஒரு சொல்லை இட்டு நிரப்புகிறது. பட்டுப்புடவையா, கட்டுப் பணமா? அவர் போய் பீரோவைத் திறக்கிறார். வீடே சிரிக்கிறது. இப்படி நாள் முழுக்க ஊகித்து ஊகித்துச் சாயங்காலம் தலை கனத்துப் போகும். காது மந்தமானவர்கள் ராத்திரி எட்டு மணிக்குமேல் பேச்சைத் தவிர்ப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த அசதி. அதை முசுடு என்று சொல்லிவிடுகிறார்கள்.

சரி, கத்திப் பேசினால் என்ன? கத்தும்போது ஏறுவது உயிர் ஒலிதான்; மெய் ஒலி அந்த அளவுக்கு ஏறாது. ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த பாதி இன்னும் பலமாகிறது, கேட்காத பாதி அப்படியே கிடக்கிறது. அதோடு, சேதமான காதில் ‘கேட்கவில்லை’ என்பதற்கும் ‘தாங்க முடியவில்லை’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் குறுகிவிடும். அதனால்தான் “கொஞ்சம் சத்தமாச் சொல்லு” என்றவரே அடுத்த நொடியில் “ஏன் கத்துத?” என்கிறார். வம்பு பண்ணவில்லை, இரண்டுமே உண்மை.

இது எதனால் வருகிறது? வயது ஒரு காரணம், ஆனால் ஐம்பதிலேயே இவ்வளவு என்றால் கூட வேறு ஏதோ சேர்ந்திருக்கும். முதல் சந்தேகம் இரைச்சல். தொழிலிடத்தில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 100 என்றால் கால் மணி நேரம். சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கம் விசைத்தறிக் கொட்டகைக்குள் சத்தம் சாதாரணமாகவே 90ஐத் தாண்டும். கல் குவாரி, மாவு மில், ஏர் ஹாரன் அடிக்கும் பஸ் என்று பட்டியல் நீளும். அப்புறம் நம்ம கொடை விழா. ரேடியோ செட்டின் ஆளுயரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றால் 100 டெசிபல் சும்மா வரும். கொடை முடிந்து மறுநாள் காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைந்தால், அது காது அடிவாங்கியதற்கு அடையாளம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இப்படித் திரும்பத் திரும்ப அடிபட்டால் ஒரு கட்டத்துக்குமேல் மீளாது. மருந்துக்கடையில் பத்திருபது ரூபாய்க்கு நுரைப்பஞ்சு அடைப்பான் கிடைக்கும். சாமிக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்காது.

குடும்ப வழியும் உண்டு. சொந்தத்துக்குள்ளேயே தலைமுறைகளாகப் பெண் எடுத்துக் கொடுக்கும் குடும்பங்களில் பரம்பரைக் காது மந்தம் வரும் வாய்ப்புக் கூடுதல். சர்க்கரையும் புகையும் சேர்ந்து கெடுக்கும். காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின் ஊசிகள், ஜென்டாமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைத் தாக்கக்கூடியவை. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. காதில் மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாக் காது மந்தமும் இப்படி மீளாத நரம்பு வகை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். குறும்பி அடைத்திருக்கலாம், பறையில் ஓட்டை இருக்கலாம், நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். அங்கவடி எலும்பு இறுகிப்போகும் நோய் ஒன்று இருபது முதல் நாற்பது வயதுக்குள் தொடங்கும். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. ஆக முதல் வேலை காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது. அதற்கு முன்னால் கோழி இறகு, ஊக்கு, பைக் சாவி, காய்ச்சிய பூண்டெண்ணெய் எதுவும் காதுக்குள் போகக் கூடாது. பறை கிழிந்து வருகிறவர்களில் பலரும் இந்த வைத்தியம் பார்த்தவர்கள்தான்.

இரண்டு நிலைமைகளில் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தூங்கி எழுந்தபோது ஒரு காது சட்டென்று அடைத்ததுபோல் ஆனாலும், மூன்று நாளுக்குள் மளமளவென்று இறங்கினாலும் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் மீள நல்ல வாய்ப்பு; இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறையும். ‘சளி இறங்கியிருக்கு, தானாச் சரியாயிரும்’ என்று காத்திருந்து காதை இழந்தவர்கள் நிறைய. காது மந்தத்தோடு தலைசுற்றலோ முகம் கோணுவதோ சேர்ந்து வந்தாலும் அன்றே போய்விடுங்கள். ஒரு காது மட்டும் மெதுவாக மங்கிக்கொண்டே போனால் அவ்வளவு பதற்றம் வேண்டாம், ஆனால் நரம்பில் கட்டி இல்லை என்று எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்வார்கள்.

சோதனைத் தாளைப் படிப்பது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நம்பகமான தனியார் மருத்துவரிடமோ போனால் ஆடியோகிராம் எடுக்கச் சொல்வார்கள். சத்தம் புகாத சிறிய அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் அழுத்துங்கள். பரீட்சை என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

கையில் கிடைக்கும் தாளில் இடமிருந்து வலம் 250 முதல் 8000 வரை ஹெர்ட்ஸ், அதாவது சுருதி. மேலிருந்து கீழ் டெசிபல். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். நடுவயதுக்காரர்களின் தாளில் பெரும்பாலும் இடது ஓரத்தில் கோடு நல்லபடியாகத் தொடங்கி, 2000ஐத் தாண்டியதும் வலப்பக்கம் சரிந்து இறங்கும். இரைச்சலால் கெட்ட காதாக இருந்தால் 4000ஐ ஒட்டி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ‘கேக்கு, ஆனா வெளங்கல’ என்பதன் படம் அந்தச் சரிவுதான். குத்தல் பேசியவர்களிடம் அதைக் காட்டி வாயை மூடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு. 20 முதல் 35 வரை லேசானது, 50 வரை நடுத்தரம், 65 வரை நடுத்தரத்துக்கும் மேல், 80 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. இந்தச் சராசரியை மட்டும் பார்த்து ‘லேசுதான்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். 500ம் 1000மும் நன்றாக இருந்து 4000 மட்டும் குப்புற விழுந்திருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும்.

இன்னொரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள். வசதியான சத்தத்தில் வரிசையாகச் சொற்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். நூற்றுக்கு எத்தனை சரி என்று வரும். கருவி போட்டால் எந்த அளவு பலன் இருக்கும் என்பதை ‘பீப்’ சோதனையைவிட இது நன்றாகச் சொல்லும். தாளைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால்தான் எந்த வேகத்தில் இறங்குகிறது என்று தெரியும்.

கருவி

செவித்துணைக் கருவியைத் தள்ளிப்போடுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் காசு. உள்ளே இருப்பது வெட்கம். சினிமா காமெடியில் காது கேளாதவரை வைத்து இத்தனை வருடம் சிரித்ததற்கு நாம் கட்டும் வட்டி என்று இதைச் சொல்லலாம். தள்ளிப்போடுவதில் நஷ்டம் உண்டு. லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய மறதிநோய்க் காரணிகள் பதினான்கில் நடுவயதுக் காது மந்தத்தையும் சேர்த்திருக்கிறது. கருவி போட்டால் மறதிநோய் வராது என்று இதற்கு அர்த்தமல்ல. 2023இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 70 முதல் 84 வயதுள்ளவர்களை மூன்று ஆண்டு கவனித்தபோது, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த பிரிவினரிடம் மட்டும் மூளைத்திறன் இறங்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஆகவே பயமுறுத்தி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது வெறும் ஒலிபெருக்கி. எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி ஏற்றும். ஏற்கெனவே கேட்கும் கனத்த ஒலி காதைப் பிளக்கும். முறையான கருவியை உங்கள் ஆடியோகிராமைப் பார்த்து, விழுந்த இடத்தில் மட்டும் ஏற்றி, சத்தம் மிஞ்சும்போது அடக்கும்படி கம்ப்யூட்டரில் அமைப்பார்கள். அமைப்பவர் ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தப் படித்தவராக, இருக்க வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். சில நாள் போட்டுப்பார்க்கக் கொடுக்காத கடையில் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு காதிலும் மந்தம் என்றால் இரண்டுக்கும் போடுவதுதான் நல்லது. விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதில் நடுத்தரமான இரண்டு மேல்.

முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். பிரிட்ஜ் உறுமும், செருப்பு சரசரக்கும், கடுகு தாளிக்கும் சத்தம் பட்டாசாக வெடிக்கும். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பல வருடம் இவற்றைக் கேட்காமல் இருந்த மூளைக்கு எதை ஒதுக்குவது என்று மறந்துபோயிருக்கிறது. தினமும் போட்டால்தான் திரும்பப் பழகும். வீட்டில், ஒரு ஆளோடு பேசுவதில் தொடங்குங்கள். பிறகு திண்ணை, தெருமுனைக் கடை. கல்யாண மண்டபம் கடைசி. முதல் நாளே மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர்களின் கருவிதான் பீரோவுக்குப் போகிறது. இரண்டு மூன்று முறை திரும்பப் போய் அமைப்பை மாற்றிக்கொள்வது சாதாரணம். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

பொத்தான் பேட்டரி காற்றிலுள்ள ஆக்சிஜனால் வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்ததுமே தீரத் தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் பயனில்லை. உரித்து ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டு உள்ளே போடுங்கள். வியர்வைதான் நம்ம ஊரில் பெரிய எதிரி. சித்திரை, வைகாசியில் ராத்திரிதோறும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். குற்றாலத்துக்கும் தாமிரபரணிக்கும் போகிறவர்கள் கருவியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். பறையில் ஓட்டை இருக்கிறவர்கள் அருவியில் தலையைக் கொடுக்கவே கூடாது.

கருவியும் பலன் தராத அளவுக்கு இறங்கினால் அறுவை சிகிச்சை செய்து உட்காதுக்குள் பொருத்தும் காக்லியர் இம்ப்ளாண்ட் இருக்கிறது, பெரியவர்களுக்கும் செய்வார்கள். செலவு பல லட்சம். அரசு இலவசமாகச் செய்து தருவது முக்கியமாகச் சிறு குழந்தைகளுக்கு.

கண்ணும் காதும்

பணம், மணம் இரண்டையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. ஆனால் ‘ம’வின் மூக்கொலி தாழ்ந்த சுருதி; மந்தமான காதுக்கும் அது கேட்கும். இப்போது கட்டு, தட்டு, பட்டு சொல்லிப் பாருங்கள். காதுக்கு மூன்றும் ஒன்று, கண்ணுக்கோ உதடு மூடுவது ‘ப’, நாக்கு நுனி பல்லில் தெரிவது ‘த’, இரண்டும் இல்லாதது ‘க’. காது விட்டதைக் கண் பிடிக்கிறது, கண் விட்டதைக் காது பிடிக்கிறது. உதடு படிப்பது தனிக் கலை என்றெல்லாம் பயப்பட வேண்டாம், முகம் தெரிந்தாலே பாதி வந்துவிடும்.

ஆகவே வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து பேசாதீர்கள், கிட்டே வாருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். மிக்ஸியை, டிவியை நிறுத்துங்கள். கத்த வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும் (திருநெல்வேலிக்காரர்களுக்கு இது சிரமம்தான்). விளங்காத சொல்லையே மூன்று தரம் சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள்: ‘தட்டு’ எட்டவில்லை என்றால் ‘சோறு திங்க வட்டில்’. “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஒருவரைப் பேச்சிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது.

மந்தமானவர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. விளங்காமலே ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டும் பழக்கம் எல்லோருக்கும் வரும். ஒருநாள் அது கையெழுத்திலோ மாத்திரைக் கணக்கிலோ போய் முட்டும். “ஆ?” என்று கேட்டால் எதிராளி முழுவதையும் திரும்பக் கத்துவார். “நாளைக்கு வள்ளியூர் போறோம்னு சொன்னிய, எத்தன மணிக்கு?” என்று விட்டுப்போன துண்டை மட்டும் கேட்டால் சட்டென்று பதில் வரும். எண்களைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். மருத்துவரிடம், வங்கியில், வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் “எனக்குக் காது மந்தம், முகத்தப் பாத்துச் சொல்லுங்க” என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது எல்லாத் தந்திரத்தையும்விடப் பலன் தரும். ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்க்ரைப் என்ற கூகுள் செயலி பேச்சைத் தமிழில் எழுத்தாகக் காட்டும். நம்ம வட்டாரப் பேச்சில் தடுமாறும், ஆனால் அவசரத்துக்கு உதவும்.

சான்றிதழ்

பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோர் பள்ளி நூறாண்டுக்கும் மேலாக நடப்பதால், பிறவியிலேயே கேளாத பிள்ளைகளைப் பற்றி இந்த ஊருக்கு ஓரளவு தெரியும். பாதி வழியில் காதை இழக்கிறவர் அரசு கணக்கில் எங்கே வருகிறார் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது மந்தம். 70க்கு மேல் காது கேளாமை. சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீத ஊனத்திலிருந்துதான் தொடங்கும். நடுத்தர மந்தம் உள்ளவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம், அலைவதற்கு முன் ஆடியோகிராமைப் பார்த்துக்கொள்ளுங்கள். சதவீதம் வந்தால், தனித்துவ அடையாள அட்டையோடு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் கருவி கிடைக்க வழி உண்டு. விவரத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டதால் சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்தவர்கள் திருநெல்வேலிக்கு வர வேண்டியதில்லை.

சான்றிதழுக்காகச் சோதிக்கும் மருத்துவக் குழு கூடும் நாளில் காது சோதனைக்கு வந்தவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். போனதும் அங்கிருக்கும் உதவியாளரிடம் முகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, கதவு தெரிகிற மாதிரி முன்வரிசையில் உட்காருங்கள்.